பாயிண்ட் பார்க்கிறவளின் அண்ணன்

என் வீட்டுக்காரர் மதியழகனோடு சந்தைக்குப் போவதைப் போல ஒரு தண்டனை வேறு கிடையாது. தக்காளிக்காரி தராசைத் தூக்கும் முன்பே இவர் குனிந்து தட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பார். புளி ஒட்டியிருக்கிறதாம், காந்தம் ஒட்டியிருக்கிறதாம். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகாவது திருந்துவார் என்று பார்த்தால், சட்டைப் பையில் ஒரு படிக்கல்லைப் போட்டுக்கொண்டு வந்து முதலில் அதை நிறுக்கச் சொல்கிறார். கல்யாணமான புதிதில் எனக்கு மானம் போய்விடும்.

"ஏனுங்க, ஒரு கிலோ தக்காளிக்கு இந்த அலும்பா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தக்காளிக்கு இல்ல சரிதா. கள்ளத்தராசுக்கு" என்றார், அவ்வளவுதான்.

நான் ஆட்டையாம்பட்டிக்காரி. எங்கள் ஊரில் முறுக்கை எண்ணித்தான் வாங்குவோம், எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வாய்ச்சண்டை போட்டு வாங்கிவிடுவோம். அதோடு முடிந்தது. இந்த மனிதருக்கு முடியாது. அளவில் பொய் சொல்கிறவனை இவரால் மன்னிக்கவே முடியாது. குடிகாரனைக்கூடப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவார். எடையைக் குறைத்தவன் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டார், என்னையும் போக விடமாட்டார்.

இவர் பன்னிரண்டாவது படிக்கும்போது மாமனார் இறந்துவிட்டார். காடு கழனியைப் பார்க்க ஆள் இல்லை. தங்கை கயல்விழி அப்போது பால்வாடிக்குப் போகிற பிள்ளை. இவர் அம்மா, என் அத்தைக்கு, ஏற்கெனவே ஆஸ்துமா, புழுதி ஆகாது. அதனால் குச்சிக்கிழங்கு நடுவதிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சடை பின்னுவது வரை எல்லாம் இவர் தலையில். நான் வாக்கப்பட்டு வந்தபோது கயல் ஏழாவது படித்தாள். நான் ஆசையாகச் சீப்பை எடுத்துக்கொண்டு போனால், "இல்லீங் நங்கையா, அண்ணன் பின்னுனாத்தான் கலையாது" என்று அண்ணனிடம் ஓடிப் போனாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புதுப்பெண் வந்து நிற்கிறேன், ஆம்பளை சடை பின்னிக்கொண்டிருக்கிறார்!

இப்போது பாயிண்ட் விஷயத்தைச் சொல்லாவிட்டால் மேலே புரியாது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஆலைக்காரனுக்கு வேண்டியது கிழங்கு அல்ல, அதற்குள் இருக்கிற மாவு. மாவு கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அதனால் ஒரு கூடைக் கிழங்கை வெளியே நிறுத்து, அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி மறுபடி நிறுப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். இத்தனை கனம் நின்றால் இத்தனை பாயிண்ட் மாவு என்று ஓர் அட்டவணை சுவரில் எழுதியிருக்கும். நாங்கள் எல்லோரும் அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம். விலை எல்லாம் அந்தப் பாயிண்டைப் பொறுத்துத்தான்.

ஒரு வருஷம் எங்கள் கிழங்கு லோடு போன ஆலையில் சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். அட்டவணையும் புதிதாக எழுதியிருந்தது. கனம் அதேதான், பாயிண்ட் மட்டும் இறங்கியிருந்தது. மற்றவர்களெல்லாம் மழை அதிகம், கிழங்கு தண்ணி கோத்திருக்கும் என்று முனகிக்கொண்டு திரும்பினார்கள். இவர் லோடை இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தனை கிழங்கையும் இல்லை, ஒரு கூடையை மட்டும் எடுத்து, தோல் சீவி, துருவி, அரைத்து, துணியில் பிழிந்து, பால் தெளிய வைத்து, மாவைக் காயப் போட்டு நிறுத்தார். என் புது மிக்சியின் மோட்டார் அன்றைக்குத்தான் புகைந்தது. அம்மா வீட்டுச் சீர்!

நிறுத்துப் பார்த்தால் மாவு பழைய அட்டவணைப்படி சரியாக இருந்தது. புது அட்டவணைதான் பொய். இவர் ஊரைக் கூட்டிக்கொண்டு போய் ஆலை வாசலில் உட்கார்ந்தார். கடைசியில் ஆலைக்காரர் பழைய அட்டவணையையே எழுதிவிட்டார். ஆனால் "பெயிண்டர் பிழைங்க" என்றாரே தவிர, மாற்றினோம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் ஜெயித்த சந்தோஷத்தில் வெடி வெடித்தது. இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "அவன் ஒத்துக்கலையே சரிதா" என்று வாரக் கணக்கில் புலம்பினார். கிழங்குக்கு உரிய பாயிண்ட் வந்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும் இந்த மனிதருக்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த அண்ணனிடம் வளர்ந்த பிள்ளைதான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானத்தைப் படிக்கப் போனாள்.

என்ன படிக்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்துக் காட்டு அங்கம்மாள் பேத்தியின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வானத்தைப் படிச்ச புள்ள, செவ்வா எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு சாமி" என்றாள். கயல் சிரித்துக்கொண்டே, "நான் செவ்வாயைப் பாக்கறதில்லீங்க ஆத்தா, கார்பன் மோனாக்சைடு பாக்கறேன்" என்றாள். அங்கம்மாளின் மகன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன். குஞ்சுகளுக்கு அனல் கூட்டக் கரி போட்டுக் கதவைச் சாத்தினால் வருகிற விஷக்காற்று அதுதான் என்று அவனுக்குத் தெரியும். "ஐயோ, அது குஞ்செல்லாம் செத்துப் போற காத்தாச்சே, அதையா பாக்கறே?" என்று அவன் பதறினான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கயல்விழி பெங்களூரில் விஷ வாயு ஆலையில் வேலை செய்கிறாள் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கயல் அடுத்த தடவை லீவுக்கு வந்தபோது மஞ்சள் வேகிற கொப்பரைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, "இங்க பாரு கண்ணு, எனக்கு வெளங்கற மாதிரி சொல்லாம நீ எந்திரிக்கக் கூடாது" என்றேன்.

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு, "நங்கையா, நானும் பாயிண்ட்தான் பாக்கறேன்" என்றாள்.

கேலக்சி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டமாம். நம் சூரியன் இருக்கிற பால்வீதியும் அப்படி ஒன்றுதானாம். புது நட்சத்திரம் பிறக்க வேண்டுமானால் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு வேண்டுமாம். அந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கூட்டம் இன்னும் வளருமா, ஓய்ந்துவிடுமா என்று சொல்ல முடியுமாம்.

"ஆனா ஹைட்ரஜன் ஊமைங்க. குளுர்ல கெடக்கறப்ப ஒரு வெளிச்சமும் விடாது, நம்ம தொலைநோக்கிக்கு ஒண்ணுமே தெரியாது. அதுகூடவே துளியூண்டு கார்பன் மோனாக்சைடு கலந்து கெடக்கும். அது சுத்தறப்ப ரேடியோ அலை விடும். அதைப் புடிக்கலாம். இத்தனை கார்பன் மோனாக்சைடு அலை வந்தா இத்தனை ஹைட்ரஜன் இருக்கும்னு ஒரு கணக்கு இருக்குது. தண்ணியில கனத்தைப் பாத்து மாவு சொல்றமில்ல, அதே கதைதானுங்க."

இதைச் சொன்னதும் எனக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. போய் இவரிடம் சொன்னேன். "உங்க தங்கச்சி வானத்துல பாயிண்ட் பாக்கறாளாம்" என்றேன். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை! டீக்கடை, விதைக்கடை, கூட்டுறவு வங்கி, எங்கே போனாலும் இதே பேச்சு. "என்ற தங்கச்சி கேலக்சிக்கு பாயிண்ட் பாக்கறா. நாம ஒரு கூடைக்குப் பாக்கறோம், அவ நட்சத்திரக் கூட்டத்துக்கே பாக்கறா. ஆலைக்காரன் மாதிரி இல்ல, சுத்தக் கணக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியவில்லை.

போன தை கழிந்து அவளுடைய கடைசிப் பரீட்சை வந்தது. வைவா என்கிறார்கள். எழுதிய ஆராய்ச்சியை எல்லோர் முன்னாலும் விளக்கிச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் டாக்டர் பட்டம். அந்தப் பட்டம் கிடைத்தால்தான் ஜப்பானில் அவளுக்காக ஒரு வேலை காத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றதால் நாங்கள் இரண்டு பேரும் போனோம். காரின் பின்னால் எங்கள் ஊர் முறுக்கு டின் நிறைய, சாப்பாட்டுக்கு வாழையிலைக் கட்டு. இவர் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கிருஷ்ணகிரி தாண்டும் வரை வாய் ஓயவில்லை.

ஹால் சில்லென்று இருந்தது. முன் வரிசையில் கயலின் கைடு, ஒரு மலையாளத்து அம்மா. அவர்களுக்குப் பக்கத்தில் வடக்கேயிருந்து வந்த பரீட்சைப் பேராசிரியர், நரைத்த தாடி. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கயல் பட்டுப்புடவை கட்டி மேடையில் நின்று இங்கிலீஷில் பேசினாள். நான் பிளஸ் டூ வரை படித்தவள், அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபட்டது. இவருக்கு அதுவும் இல்லை. ஆனால் திரையில் படம் வந்துகொண்டே இருந்தது, இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு படத்தில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் மேல் நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேலக்சி, மேலே போகப் போக வாயு அதிகம் என்று எனக்கே விளங்கியது. கயல் ஆராய்ச்சி செய்த சின்ன கேலக்சி மட்டும் சிவப்புப் புள்ளி. அது கோட்டுக்கு ரொம்பக் கீழே, ஒன்றுமில்லாமல் தரையோடு கிடந்தது. பக்கத்தில் ஓர் எண், இத்தனை அலைக்கு இத்தனை வாயு என்கிற அந்தக் கணக்குதான் போல. அவள் பொத்தானை அமுக்கினாள். எண் மாறியது, பல மடங்கு பெரிதானது. சிவப்புப் புள்ளி ஒரே தாவாகத் தாவிக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

எனக்குப் பக்கத்தில் இவர் மூச்சை இழுத்தார்.

"சரிதா, அவ அட்டவணையை மாத்திப் போட்டா" என்று காதில் சொன்னார். குரல் சரியில்லை.

"சும்மா இருங்க. என்னமோ காரணம் இருக்கும்."

"என்ன காரணம்? கனம் அதேதான். கணக்கை ஏத்திட்டா, பாயிண்ட் ஏறிருச்சு. இதையேதான அந்த ஆலைக்காரன் பண்ணான்? அவன் எறக்குனான், இவ ஏத்தறா."

அவர் சொல்வது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அதற்குள் அந்தத் தாடிப் பேராசிரியர் எதையோ நீளமாகக் கேட்டார். கயல் தலையைக் குனிந்து நின்றாள். பிறகு மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் பேசினாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை.

"மாட்டிக்கிட்டா" என்றார் இவர். "என்ற புள்ள மாட்டிக்கிட்டா சரிதா."

கைடு அம்மா எழுந்து, கூட்டத்தில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அது ஒரு மரியாதைக்குக் கேட்பது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள். நான் இவர் சட்டையைப் பிடிக்கும் முன்பே மனிதர் எழுந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, அளவை மாத்தி இல்லாத பாயிண்ட்டை ஏத்திக் காட்டறயே, இது ஏமாத்து இல்லியா?"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயோ, அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை முழுங்கியிருக்கலாம்! பட்டம் போச்சு, ஜப்பான் போச்சு, எல்லாம் இந்த மனிதரால் போச்சு என்று நினைத்தேன். கைடு அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போல, முகம் சுருங்கிவிட்டது. பேராசிரியருக்குத் தெரியாது. அவர் கயலைப் பார்த்து, இவர் என்ன கேட்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

கயல் நினைத்திருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அண்ணன் வாழ்த்துகிறார் என்று சொல்லியிருந்தால்கூட யாருக்குத் தெரியும்? அவள் அண்ணனையே ஒரு கணம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு திரும்பி, இவர் என் அண்ணன், நான் எண்ணை மாற்றி இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டுகிறேன், இது சீட்டிங் இல்லையா என்று கேட்கிறார் என்று ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். சீட்டிங் என்ற வார்த்தை எனக்கு நன்றாகவே கேட்டது.

பேராசிரியர் தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கு அவருடைய பாஷையிலேயே பதில் சொல்லுங்கள் என்றார்.

அத்தனை நேரம் இங்கிலீஷில் மழை மாதிரிப் பேசியவள், வீட்டுப் பேச்சில் சொல்லச் சொன்னதும் திணறினாள். ஒன்றைத் தொடங்கினாள், விட்டாள், இன்னொன்றைத் தொடங்கினாள். கடைசியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"அண்ணா, அந்தப் பழைய கணக்கு நம்ம பால்வீதிக்குப் போட்டதுங்ணா. நம்மளுது வசதியான ஊடு. கார்பன், ஆக்சிஜன், தூசி எல்லாம் நெறைய இருக்குது. இந்தச் சின்ன கேலக்சி இல்லாதவங்க ஊடு. தூசியே கம்மி. தூசிதான் கூரை மாதிரி. அது இல்லீன்னா நட்சத்திர வெளிச்சம் உள்ள பூந்து கார்பன் மோனாக்சைட உடைச்சுப் போட்டுரும். ஹைட்ரஜன் அவ்வளவு சீக்கிரம் உடையாது. அப்பப் பேசறது போயிருச்சு, ஊமை உள்ளயே கெடக்குது. பழைய கணக்கையே போட்டா, அங்க ஒண்ணுமில்லைன்னு எழுதோணும். ஆனா அங்க புதுசு புதுசா நட்சத்திரம் பொறந்துட்டே இருக்குதுங்ணா. ஒண்ணுமில்லாம எப்படிப் பொறக்கும்?"

"அரைச்சுப் பாத்தயா?" என்றார் இவர், விடாமல்.

"அரைக்க முடியாதுங்ணா. அவ்வளவு தூரம் யாரும் போக முடியாது. தூசியோட சூட்டை அளந்து, எத்தனை தூசி இருக்குதுன்னு பாத்து, அதுல இருந்து புதுக் கணக்கைப் போட்டேன்."

"தூசிக்கு எத்தனை வாயுன்னு யாரு சொன்னா?"

"அதுக்கும் ஒரு ஊகம் இருக்குதுங்ணா" என்றாள்.

இவர் உட்கார்ந்துவிட்டார். ஊகத்துக்கு மேல் ஊகம் என்றால் இருக்கிறதா, இல்லையா? அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது, இவர் கேட்டதும் நியாயமாக இருந்தது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே ஒரு வேப்பமரம். கயல் ஒரு பக்கம் நின்றாள், இவர் ஒரு பக்கம் நின்றார். நான் நடுவில் முறுக்கு டின்னைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு மாணவி வந்து ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டாள். சூப்பர் என்றாள். எனக்கு அழுகை வந்தது.

கதவு திறந்தது. கைடு அம்மா முகம் நிறையச் சிரிப்போடு வந்து, "டாக்டர் கயல்விழி" என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் கை தட்டினார்கள். தாடிப் பேராசிரியர் கயலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நேராக இவரிடம் வந்து, இவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று இவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பாராட்டினாரா, கேலி செய்தாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாப்பாடு போட்டார்கள். நாங்கள் கொண்டுபோன இலையில்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள், இவர் உட்காரவில்லை. போய் மரத்தடியிலேயே நின்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பட்டம் குடுத்துட்டாங்கல்ல? இன்னும் என்ன? வந்து சோத்தைத் தின்னுங்க" என்றேன்.

"குடுத்தா ஆச்சா?" என்றார். "ஆலைக்காரனுக்குந்தான் லைசென்ஸ் குடுத்திருக்காங்க."

இது கயல் காதில் விழுந்துவிட்டது. இலையிலிருந்து எழுந்து, கழுவாத கையோடு வந்தாள்.

"அத்தனை பேரு முன்னால என்னைத் திருடின்னு கேட்டீங்க. நானும் அவங்களுக்கு இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னேன், என்னைத் திருடின்னு கேக்கறாருன்னு. இன்னும் என்னங்ணா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் புரியலையே சாமி!" என்று கத்திவிட்டார் இவர். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. "உனக்குச் சடை பின்னுனப்ப, கலைஞ்சா எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல பொய் சொன்னா மூஞ்சியைப் பாத்தாத் தெரியும். இப்ப நீ பண்றதுல ஒரு எழுத்து எனக்குத் தெரியலை. நீ சரியாப் பண்றயா, தடம் மாறிப் போயிட்டயான்னு நான் எதை வெச்சுப் பாக்கறது? ஊரெல்லாம் சுத்தக் கணக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். எனக்கு என்ன தெரியும்? ஒரு மயிரும் தெரியாது."

கயலின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்ணா" என்றாள். "அந்தப் புள்ளி கோட்டுல வந்து உக்காரோணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசையில கணக்கை ஏத்திட்டனோன்னு படுத்தா தூக்கம் வராது. கண்ணை மூடுனா அந்தச் சுவர்தான் தெரியும், ஆலைச் சுவர். யாருகிட்டப் போய் இதைச் சொல்றது?"

"அந்தத் தாடிக்காரரு உன்னை என்ன கேட்டாரு? நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே?"

"நீங்க கேட்டதையேதாங்ணா அவரும் கேட்டாரு. உங்களுக்கு முன்னாலயே."

"நீ என்ன சொன்னே?"

"இந்த எண் ஊகந்தான், நான் நிரூபிக்கலைன்னு சொன்னேன். இது தப்புன்னா அங்க வாயு இல்லை, என்ற கடைசி அத்தியாயமே விழுந்துரும்னு சொன்னேன். அதை முதல் பக்கத்துலயே எழுதியும் வெச்சிருக்கேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, அதுதான் தலையைக் குனிஞ்சேன்."

"அத்தனை பேரு முன்னாலயா சொன்னே?"

"ஆமாங்ணா. நான் இங்கிலீஷ்ல சொன்னேன். உங்களுக்குத்தான் கேக்கலை."

இவர் மேல்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் இவர் அப்பா சாவுக்கு இருந்ததில்லை, அப்போது அழுதாரோ என்னமோ. எனக்குத் தெரிந்து அழுதது அன்றைக்குத்தான். "எந்த ஆலைக்காரனும் இதைச் சொல்லலை சாமி, ஒருத்தன்கூடச் சொல்லலை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கயல் சாதக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, கடைசியில் அந்தக் கையாலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை. துவைத்துப் பார்த்தேன், போகவில்லை.

அதன் பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நிறையவே சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன், "ஏங் கண்ணு, கடைசியா ஒண்ணு சொல்லு. அங்க வாயு இருக்குதா, இல்லியா?"

"இருக்கோணுங்க நங்கையா. ஆனா தெரியாது" என்றாள்.

இது என்ன பதில்? இத்தனை வருஷம் படித்துவிட்டு! எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை. வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிக்கொண்டு ரசத்தை ஊற்றினேன்.

கிளம்பும்போது கயல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் ஜப்பானுக்குப் போகிறாள், அங்கே இதைவிடப் பெரிய தொலைநோக்கிகளை வைத்து இதையே மறுபடி அளக்கப் போகிறார்களாம். இவர் வண்டியை எடுத்தார், மறுபடி அணைத்தார். கண்ணாடியை இறக்கினார்.

"இருக்குதுன்னு தெரிஞ்சா ஊருக்கெல்லாம் சொல்லிக்க" என்றார். "இல்லைன்னு தெரிஞ்சா, மொதல்ல எனக்குப் போன் பண்ணு சாமி. நான் திட்டமாட்டேன்."